எலும்பு முறிவுச் சிகிச்சை ஆய்வைத் தேடிச் சேருவது எப்படி? புதியவர்களுக்கான செய்முறை விளக்கம்

எலும்பு முறிவுக்கான கிளினிக்கல் டிரையலில், அதாவது நோயாளிகளின் சம்மதத்துடன் நடத்தப்படும் சிகிச்சை ஆய்வில், சேர நினைப்பவர் முதலில் பார்க்க வேண்டியது தமக்கு எவ்வளவு அவகாசம் இருக்கிறது என்பதைத்தான். நாள்பட்ட நோய்க்கு ஆய்வு தேடுபவர் வாரக்கணக்கில் நிதானமாகத் தேடலாம். நேற்று இரவு வண்டியிலிருந்து விழுந்து காலை ஒடித்துக்கொண்டவருக்கு அந்த வசதி இல்லை. ஆகவே இந்த விளக்கம் இந்தியாவில் உள்ள நடைமுறையை ஒட்டி, முறிவு புதியதா பழையதா என்ற கேள்வியிலிருந்தே தொடங்குகிறது.

படி 1: புதிய முறிவா, சேராத பழைய முறிவா?

புதிய முறிவு என்றால் ஆய்வைத் தேடிக்கொண்டு சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது. புதிய முறிவுக்கான ஆய்வுகளில் நோயாளி ஆய்வைத் தேடிப் போவதில்லை. அவசரப் பிரிவிலோ வார்டிலோ ஆய்வுக் குழுவினரே வந்து கேட்பார்கள். இடுப்பு எலும்பு முறிந்தவர்களுக்கு அறுவை சிகிச்சையை எவ்வளவு விரைவாகச் செய்யலாம் என்பதை ஆராய்ந்த 'ஹிப் அட்டாக்' ஆய்வில், 17 நாடுகளின் 69 மருத்துவமனைகளிலிருந்து 2,970 பேர் சேர்ந்தது இப்படித்தான். 2020இல் வெளியான அதன் முடிவின்படி, அறுவை சிகிச்சையை விரைவுபடுத்தியதால் இறப்பு குறையவில்லை. ஆனால் மனக்குழப்பம் போன்ற சில தொல்லைகள் குறைந்தன, நோயாளிகள் விரைவில் எழுந்து நின்றார்கள். ஆராய்ச்சி நடைபெறும் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சேர்ந்திருந்தால், "எனக்குப் பொருந்தும் ஆய்வு ஏதேனும் இங்கே நடக்கிறதா?" என்று மருத்துவரிடம் கேட்டால் போதும்.

மாதங்கள் பல ஆகியும் எலும்பு சேரவில்லை, அதாவது மருத்துவர் 'நான்யூனியன்' என்று எழுதிக்கொடுத்திருக்கிறார் என்றால் நிலைமை வேறு. பல ஆய்வுகள், முறிந்து ஒன்பது மாதம் கடந்து, கடைசி மூன்று மாதமாக எக்ஸ்ரேயில் முன்னேற்றம் இல்லாத நிலையையே இதற்கு அளவுகோலாகக் கொள்கின்றன. தேடுவதற்கு நேரம் இருப்பது இவர்களுக்குத்தான்; இனி வரும் படிகள் பெரும்பாலும் இவர்களுக்கும் இவர்களது குடும்பத்தாருக்கும் பயன்படும்.

படி 2: காகிதங்களை ஒழுங்கு செய்யுங்கள்

டிஸ்சார்ஜ் சம்மரி, எல்லா எக்ஸ்ரேக்களும் தேதி வரிசையில், அறுவை சிகிச்சைக் குறிப்பு, உள்ளே வைத்த பிளேட் அல்லது கம்பியின் ஸ்டிக்கர், தற்போது சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியல் ஆகியவை தேவை. இடையில் நாட்டுக் கட்டு கட்டியிருந்தால் அதையும் மறைக்காமல் எழுதிவையுங்கள். உங்கள் முறிவின் மருத்துவப் பெயரையும் டிஸ்சார்ஜ் சம்மரியைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். 'கால் எலும்பு' என்பதை வைத்துக்கொண்டு, ஆய்வுகளைப் பட்டியலிடும் பதிவேட்டில் எதையும் தேட முடியாது. தொடையெலும்பு ஃபீமர், முழங்காலுக்குக் கீழே உள்ள பெரிய எலும்பு டிபியா, மணிக்கட்டில் அடிக்கடி முறிவது ரேடியஸ்.

படி 3: பதிவேட்டில் தேடுங்கள்

இந்தியாவில் நடக்கும் ஆய்வுகளுக்கான பொதுப் பதிவேடு சி.டி.ஆர்.ஐ. (கிளினிக்கல் டிரையல்ஸ் ரெஜிஸ்ட்ரி - இந்தியா) எனப்படுகிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கீழ் 2007 ஜூலையில் தொடங்கப்பட்ட இதில், 2018 ஏப்ரல் 1 முதல், முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன்பாகவே ஆய்வைப் பதிவு செய்தாக வேண்டும். தேடுவதற்குக் கட்டணமோ கணக்கோ தேவையில்லை. அமெரிக்க அரசின் கிளினிக்கல்டிரையல்ஸ் டாட் கவ் தளத்திலும், நாடு என்ற இடத்தில் இந்தியாவைத் தேர்ந்து ஒருமுறை தேடிவிடுங்கள். பன்னாட்டு ஆய்வுகள் அங்கே கிடைக்கலாம். இலங்கை வாசகர்களுக்கு இலங்கை மருத்துவச் சங்கம் நடத்தும் தனிப் பதிவேடு உண்டு.

'ஃபிராக்சர்' என்ற ஒரு சொல்லை மட்டும் ஆங்கிலத்தில் இட்டுத் தேடினால் வந்து குவிவதில் பெரும்பகுதி உங்களுக்குப் பயன்படாது. இடுப்பு முறிவு அறுவை சிகிச்சையின்போது எந்த நரம்பைச் சுற்றி மரத்துப்போகும் ஊசி போட்டால் வலி குறையும் என்று ஒப்பிடும் மயக்கவியல் ஆய்வுகள் மட்டுமே ஏராளமாக வரும். எனவே எலும்பின் பெயரையும் 'நான்யூனியன்' போன்ற நிலையின் பெயரையும் சேர்த்துத் தேடுங்கள்.

படி 4: பதிவை மேலிருந்து கீழே படிக்காதீர்கள்

ஒரு பதிவு பல பக்கம் நீளும். முதலில் ஆட்சேர்ப்பு நிலையைப் பாருங்கள். இந்தியாவில் சேர்ப்பு திறந்திருக்கிறது என்று இருந்தால் மட்டும் மேலே படியுங்கள். அதுவும் பழைய தகவலாக இருக்கக்கூடும் என்பதால், முதல் நோயாளியைச் சேர்த்த தேதியையும் ஆய்வுக் காலத்தையும் கூட்டிப் பாருங்கள். 2019இல் தொடங்கி ஓராண்டு நடக்க வேண்டிய ஆய்வு இன்றும் திறந்திருப்பதாகக் காட்டினால், அதை யாரும் திருத்தவில்லை என்றே எடுத்துக்கொள்ளலாம். பிறகு எந்த மருத்துவமனையில் நடக்கிறது என்பதையும், அந்த மருத்துவமனையின் நெறிமுறைக் குழு, அதாவது ஆய்வில் சேருவோரின் பாதுகாப்பையும் உரிமையையும் கவனிக்கும் குழு, அனுமதி அளித்துவிட்டதா என்பதையும் பாருங்கள்.

அடுத்தது சேர்ப்பு, விலக்கு நிபந்தனைகள். பெரும்பாலானவர்கள் நிராகரிக்கப்படுவது இங்கேதான்: வயது வரம்பு, கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரை, முறிந்த இடத்தில் சீழ், புகைப்பழக்கம், கர்ப்பம் எனப் பட்டியல் போகும். ஒரு நிபந்தனை பொருந்தாவிட்டாலும் சேர்க்க மாட்டார்கள். உங்களைக் காப்பதற்காகவும் முடிவு குழம்பாமல் இருப்பதற்காகவும் வகுத்தவை என்பதால் கெஞ்சிப் பயனில்லை. முதுநிலை மாணவர் ஆய்வேடா என்பதும் பதிவிலேயே இருக்கும். அப்படிப்பட்ட ஆய்வுகளைத் தாழ்வாக நினைக்க வேண்டியதில்லை, ஆனால் அவை பெரும்பாலும் ஒரே மருத்துவமனையோடு நின்றுவிடும்.

கடைசியாக, எதை எதனோடு ஒப்பிடுகிறார்கள் என்பதைப் படியுங்கள். புதியது என்றாலே மேலானது என்று எண்ண வேண்டாம். திறந்த முறிவுக் காயத்தை, அதாவது முறிவோடு தோலும் கிழிந்து திறந்த காயத்தை, சோப்புக் கரைசலால் கழுவுவதா, வெறும் உப்புநீரால் கழுவுவதா என்று இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் நடந்த 'ஃப்ளோ' ஆய்வின் முடிவு 2015இல் வந்தபோது, சோப்புப் பிரிவில் 14.8 விழுக்காட்டினருக்கும் உப்புநீர்ப் பிரிவில் 11.6 விழுக்காட்டினருக்கும் மறு அறுவை சிகிச்சை தேவைப்பட்டிருந்தது.

படி 5: தொலைபேசியில் பேசுங்கள்

பதிவில் பொதுமக்கள் கேள்விகளுக்கென ஒரு தொடர்பு நபர் கொடுக்கப்பட்டிருப்பார். பேசும்போது ஆய்வின் பதிவு எண்ணைச் சொல்லித் தொடங்குங்கள்: "ஐயா, இந்த எண் கொண்ட ஆய்வில் இன்னும் ஆட்களைச் சேர்க்கிறீர்களா? என் அம்மாவுக்கு டிபியா முறிந்து பத்து மாதம் ஆகிறது, எக்ஸ்ரே எல்லாம் கையில் இருக்கிறது" என்று சொன்னால் போதும். உங்கள் வழக்கமான எலும்பு மருத்துவரிடமும் இதைச் சொல்லிவிட்டுச் செய்வது நல்லது.

ஆய்வில் சேரப் பெருந்தொகை கட்டச் சொன்னாலோ, பதிவு எண் கேட்டால் மழுப்பினாலோ அங்கேயே விலகிவிடுங்கள். எலும்பைச் சேர்ப்பதாகச் சொல்லி ஸ்டெம் செல் ஊசிக்கு விலை பேசுபவர்களிடம் பதிவு எண்ணைத் தவறாமல் கேளுங்கள்.

படி 6: சம்மதப் படிவத்தில் அவசரமாகக் கையெழுத்திடாதீர்கள்

தகவல் தாளைத் தமிழில் கேட்பது உங்கள் உரிமை. வீட்டுக்கு எடுத்துச் சென்று படித்து வருவதாகச் சொல்லலாம். படிக்கத் தெரியாதவருக்கு, ஆய்வோடு தொடர்பில்லாத ஒரு சாட்சியின் முன்னிலையில் வாசித்து விளக்க வேண்டும். ஏழு வயதுக்கு மேற்பட்ட பிள்ளையாக இருந்தால் பெற்றோரின் சம்மதத்தோடு பிள்ளையின் இசைவையும் கேட்பார்கள்.

ஒப்பிடப்படும் சிகிச்சைகளில் எந்தப் பிரிவில் நீங்கள் சேருவீர்கள் என்பதைக் குலுக்கல் போன்ற முறையே முடிவு செய்யும். மருத்துவர் நினைத்தாலும் மாற்ற முடியாது. சில ஆய்வுகளில் போலிக் கருவியும் இருக்கும். டிபியா முறிவுக்கு அல்ட்ராசவுண்ட் கருவி உதவுமா என்று பார்த்த 'டிரஸ்ட்' ஆய்வில், 501 பேரில் ஒரு பிரிவினருக்கு வேலை செய்யாத கருவியைத்தான் கொடுத்தார்கள். 2016இல் வந்த முடிவோ, உண்மைக் கருவியாலும் பலனில்லை என்றது.

கையெழுத்துக்கு முன் இவற்றைக் கேளுங்கள்: ஆய்வுக்காக மட்டும் எடுக்கும் ஸ்கேனுக்கு யார் பணம் கட்டுவது? பிளேட்டின் விலை யாருடையது? பஸ் செலவு கிடைக்குமா? ஆய்வால் தீங்கு நேர்ந்தால் என்ன செய்வீர்கள்? புதிய மருந்துக்கான ஆய்வானால் 2019ஆம் ஆண்டு புதிய மருந்துகள் மற்றும் மருத்துவ ஆய்வுகள் விதிகளும், உள்ளே பொருத்தும் புதிய கருவிக்கானதானால் 2017ஆம் ஆண்டு மருத்துவக் கருவிகள் விதிகளும், ஆய்வால் ஏற்பட்ட காயத்துக்கு இலவச சிகிச்சையும் இழப்பீடும் தர வேண்டும் என்கின்றன.

படி 7: சேர்ந்த பிறகு

கையெழுத்திட்ட படிவத்தின் நகலையும் நெறிமுறைக் குழுவின் தொலைபேசி எண்ணையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். எலும்பு ஆய்வுகளில் ஆறு வாரம், மூன்று மாதம், ஆறு மாதம், ஓராண்டு என்று எக்ஸ்ரேக்கு அழைப்பது வழக்கம். வலி போய்விட்டது என்று பாதியில் நின்றுவிடுபவர்களால்தான் பல ஆய்வுகள் கெடுகின்றன. ஊர் மாறினால் முன்கூட்டியே சொல்லுங்கள். காயத்தில் சீழ், காய்ச்சல், கம்பி உறுத்தல் என எதுவானாலும் அடுத்த தேதிக்குக் காத்திராமல் அன்றே தெரிவியுங்கள்.

விலக நினைத்தால், காரணம் சொல்லாமலே எப்போது வேண்டுமானாலும் விலகலாம். அதற்காக வழக்கமான சிகிச்சையை மறுக்கக் கூடாது. உள்ளே பொருத்திய கம்பி விலகிய பிறகும் உடலில் இருக்கும் என்பதால், அதை இனி யார் கவனிப்பார்கள் என்பதை எழுத்தில் வாங்கிக்கொண்டு விலகுங்கள்.