பினாங்குக்கு ஒரு நாள்: காரை பட்டர்வொர்த்திலேயே விட்டுவிட்டு வாருங்கள்

மலேசியாவின் பினாங்குத் தீவைப் பார்க்க வரும் உறவுக்காரர்களிடம் நான் முதலில் சொல்வது: பாலத்தில் காரோட்டிக்கொண்டு வராதீர்கள். எதிர்க்கரையில் இருக்கும் பட்டர்வொர்த்தில் வண்டியை விட்டுவிட்டு ஃபெரி ஏறுங்கள். ஃபெரி போய்ச் சேரும் ஜார்ஜ்டவுன் நகரில் பார்க்கிங் தேடியே பாதிப் பொழுது போய்விடும்.

காலை எட்டு மணிக்குள் இறங்கிவிட்டால் வெயிலுக்கு முன் நிறையப் பார்க்கலாம். வெளியே வந்ததும் இடப்பக்கம் நடங்கள், சியூ ஜெட்டி வரும். கடல்மேல் மரக்கால்களில் நிற்கும் சீனக் குடியிருப்பு; சியூ குலத்தார் இன்னும் வாழ்கிறார்கள், அதனால் வீட்டுக்குள் எட்டிப் பார்த்துப் படமெடுக்காதீர்கள்.

அடுத்து ஆர்மீனியன் ஸ்ட்ரீட். சுவரில் நிஜ சைக்கிளோடு இரண்டு பிள்ளைகள் இருக்கும் அந்த ஓவியம் 2012-இல் வரைந்தது. சரி, ஒரு படம் எடுத்துக்கொண்டு நகருங்கள், அங்கேயே நேரத்தைக் கரைக்க வேண்டாம். அதைவிட எனக்குப் பிடித்தது கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் இருக்கும் சாலை. தமிழ் முஸ்லிம்கள் எழுப்பிய பள்ளிவாசல், 1833-இல் கட்டிய மாரியம்மன் கோயில், குவான் யின் கோயில், கோடியில் 1818-ஆம் ஆண்டின் செயின்ட் ஜார்ஜ் தேவாலயம், எல்லாம் நடக்கும் தூரம்தான். மாரியம்மன் கோபுர வாசல் மட்டும் பின்னால் குயின் ஸ்ட்ரீட்டில் இருக்கிறது. மதியம் நடை சாத்திவிடுவார்கள், முதலில் அங்கே போங்கள். பள்ளிவாசலுக்குத் தொழுகை நேரம் தவிர்த்துப் போகலாம்.

மதியம் நாசி கண்டார், அதாவது சோறும் விதவிதமான குழம்பும் கறியும். கண்ணாடிக்குப் பின்னால் இருப்பதைக் கைகாட்டினால் போதும். ‘பஞ்சிர்’ என்றால் எல்லாக் குழம்பையும் கலந்து சோற்றின்மேல் ஊற்றுவார்கள். அப்படிச் சாப்பிடாவிட்டால் வந்ததே வீண். பெரிய இறாலுக்கும் மீன் சினைக்கும் மட்டும் விலை கேட்டுவிட்டுத் தட்டில் வைக்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் பில் வரும்போது முகம் மாறும்.

அப்புறம் ஃபெரி ஜெட்டியிலிருந்து 204-ஆம் எண் பஸ், நேராகக் கொடிமலை (பினாங்கு ஹில்) அடிவாரம். மலை ரயில் 1923-இல் தொடங்கியது. இப்போது பெட்டிகளும் தண்டவாளமும் புதுசு. சனி ஞாயிறும் பள்ளி விடுமுறையும் வேண்டாம், வரிசையில் நின்றே கால் வலிக்கும். மேலே முருகன் கோயிலும் உண்டு. நாலரை மணிவாக்கில் ஏறினால், கீழே ஊரில் விளக்கெரிவதைப் பார்த்துவிட்டு இறங்கலாம்.

பத்து பெரிங்கி கடற்கரையை நான் சேர்க்கவில்லை. கடலில் குளிக்கத்தான் ஆசை என்றால் லங்காவிக்குப் போங்கள். கடைசி ஃபெரி எத்தனை மணிக்கு என்பதைக் காலையில் இறங்கும்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.