ஆன்டுயின் பயணத்தைத் தனியாளாக வெல்ல ஒரு டெக்: புதிய ஆட்டக்காரர்களுக்கான செய்முறை

ஃபேண்டஸி ஃப்ளைட் கேம்ஸ் 2011இல் வெளியிட்ட ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்: தி கார்ட் கேம்’ பெட்டியில் மூன்று சினாரியோக்கள் (கதைச் சவால்கள்) உள்ளன. அவற்றின் கடின எண்கள் முறையே 1, 4, 7. மிர்க்வுட் காட்டைக் கடக்கும் முதல் சினாரியோவை ஏறக்குறைய எந்த டெக்கைக் கொண்டும் வென்றுவிடலாம் என்பதால், அதே டெக்குடன் இரண்டாவதான ஆன்டுயின் ஆற்றுப் பயணத்துக்குச் செல்பவர்கள் முதல் நிலையைக்கூடத் தாண்ட முடியாமல் திகைக்கிறார்கள். கடின எண் தோல்விக்கான வாய்ப்பைச் சொல்கிறதே தவிர, அந்தச் சினாரியோ நம்மிடம் எதைக் கேட்கிறது என்பதைச் சொல்வதில்லை. டெக்கை அமைக்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியது அதைத்தான். சுற்றின் ஏழு கட்டங்களும் உங்களுக்குப் பழக்கம் என்று கொண்டு, நேராக டெக்குக்கு வருகிறேன்.

முதல் படி: ஹீரோக்களைத் த்ரெட் எண்ணைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்

மூன்று ஹீரோக்களின் த்ரெட் எண்களை (எதிரிகளின் கவனத்தை எவ்வளவு ஈர்க்கிறீர்கள் என்பதன் அளவு) கூட்டினால் கிடைப்பதே உங்கள் தொடக்க த்ரெட். அது 50ஐத் தொட்டால் நீங்கள் ஆட்டத்திலிருந்து வெளியேற வேண்டும் என்பது எல்லோரும் அறிந்ததே. ஆன்டுயினில் அதைவிட முக்கியமான எண் 30. தொடக்கத்திலேயே ஸ்டேஜிங் பகுதியில் (திறக்கப்பட்ட எதிரிகளும் இடங்களும் காத்திருக்கும் பகுதி) வந்து நிற்கும் ஹில் ட்ரோலின் எங்கேஜ்மென்ட் எண் 30 என்பதால், உங்கள் த்ரெட் அந்த எண்ணை எட்டிய சுற்றில் அது தானாகவே உங்கள் மீது பாயும். ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் த்ரெட் ஒன்று கூடுகிறது. ஆகவே குவெஸ்டில் (சினாரியோவை முன்னேற்றும் முயற்சியில்) ஒருமுறையும் தோற்காமல் ஆடினாலும், உங்களுக்கு எத்தனை சுற்று அவகாசம் என்பதை ஹீரோக்களைத் தேர்ந்தெடுத்த நொடியிலேயே நீங்கள் தீர்மானித்துவிடுகிறீர்கள்.

பெட்டியில் உள்ள லோர் பிரிவு ஹீரோக்கள் மூவரையும் சேர்த்தால், டெனெத்தோர் 8, பெராவோர் 10, குளோர்ஃபிண்டெல் 12 என மொத்தம் 30 ஆகிறது. முதல் சுற்றிலேயே ட்ரோல் வந்துவிடும். லீடர்ஷிப் மூவரும் (அரகோர்ன், தியோட்ரெட், குளோயின்) டாக்டிக்ஸ் மூவரும் (லெகோலாஸ், கிம்லி, தாலின்) தலா 29 என்பதால், இரண்டாம் சுற்றில் வரும். தனியாக ஆடுபவருக்கு நான் பரிந்துரைக்கும் கூட்டணி இயோவின் 9, எலினோர் 7, தியோட்ரெட் 8. மொத்தம் 24 என்பதால் ட்ரோல் ஏழாம் சுற்றில்தான் தானாக வர முடியும். அந்த ஆறு சுற்றுகளுக்காகவே அரகோர்னை விட்டுவிடுகிறேன். அவர் சிறந்த ஹீரோ என்பதில் எனக்கும் ஐயமில்லை, ஆனால் தனி ஆட்டத்தில் அவருடைய 12 என்ற எண்ணை இந்தச் சினாரியோ மன்னிப்பதில்லை.

இரண்டாம் படி: 50 அட்டைகள், அதற்கு மேல் ஒன்றும் வேண்டாம்

டெக்கில் குறைந்தது 50 அட்டைகள் இருக்க வேண்டும், ஓர் அட்டையின் பிரதிகள் 3க்கு மேல் கூடாது. நல்ல அட்டைகள் நிறைய இருக்கின்றன என்று 60 வரை நிரப்புவது புதியவர்களின் பொதுவான ஆசை. அதற்கான விலையைக் கணக்கிட்டுப் பாருங்கள். 50 அட்டை டெக்கில் 3 பிரதிகள் உள்ள ஓர் அட்டை, முதலில் கையில் எடுக்கும் ஆறில் ஒன்றாக வருவதற்கான வாய்ப்பு ஏறத்தாழ 32 விழுக்காடு. 60 அட்டைகளானால் அது 27 அல்லது 28 ஆகக் குறைகிறது. மாறாக, 50ஐக் கைவிடாமல், பிடிக்காத கையை ஒருமுறை மாற்றிக்கொள்ளும் உரிமையையும் அந்த ஓர் அட்டைக்காகவே பயன்படுத்தினால், வாய்ப்பு 54 விழுக்காடு வரை உயர்கிறது.

இந்த டெக்கின் முதுகெலும்பு காண்டால்ஃபும் ஸ்னீக் அட்டாக்கும்தான். இரண்டிலும் மூன்று மூன்று வையுங்கள். ஸ்டூவர்ட் ஆஃப் கோண்டோர், எ டெஸ்ட் ஆஃப் வில், ஹேஸ்டி ஸ்ட்ரோக், கலாத்ரிம்ஸ் கிரீட்டிங், நார்தர்ன் டிராக்கர், ஃபரமிர், ஸ்னோபோர்ன் ஸ்கவுட் ஆகியவை அடுத்த வரிசை. மீதி இடங்களை விலை குறைந்த துணைவர்களைக் கொண்டு நிரப்பலாம். பழைய பெட்டியில் அன்எக்ஸ்பெக்டட் கரேஜ் போன்ற சில அட்டைகள் ஒன்றே ஒன்றுதான் இருக்கும். 2022இல் வந்த திருத்திய பதிப்பில் ஆட்டக்காரருக்கான அட்டைகள் மும்மூன்று பிரதிகளாகக் கிடைக்கின்றன. புதிதாக வாங்குபவர் திருத்திய பதிப்பையே வாங்குவது நல்லது.

டெக்கைத் தாளில் எழுதிவைப்பதைவிட ரிங்ஸ்டிபி தளத்தில் உருவாக்குவதையே விரும்புகிறேன். தொடக்க த்ரெட்டை அது தானாகக் கூட்டிக் காட்டுவதோடு, தொடக்கக் கையை மீண்டும் மீண்டும் எடுத்துப் பார்க்கும் வசதியையும் தருகிறது.

மூன்றாம் படி: ட்ரோலை எப்போது தொடுவது

ஆன்டுயினின் முதல் நிலையை, ஹில் ட்ரோல் களத்தில் இருக்கும்வரை முடிக்க முடியாது. ஆகவே முதல் சுற்றிலேயே அதைக் கொல்ல முயல்வதே இயல்பாகத் தோன்றும் வழி. அதுவே தவறான வழியும்கூட. ட்ரோலின் தாக்குதல் 6, தற்காப்பு 3, உயிர்ப்புள்ளிகள் 9. ஆனால் ஸ்டேஜிங் பகுதியில் அது சேர்க்கும் த்ரெட் (இது உங்கள் த்ரெட் அல்ல, குவெஸ்டை எதிர்க்கும் எண்) வெறும் 1. சண்டைக்கு இழுத்தால் பெரும் சேதம் விளைவிக்கும் இந்த எதிரி, சும்மா விட்டால் உங்கள் குவெஸ்ட் கணக்கில் ஒரு புள்ளியை மட்டுமே தின்கிறது. எனவே முதல் நான்கைந்து சுற்றுகளுக்கு அதை அங்கேயே நிற்க விட்டு, துணைவர்களையும் வளங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

யாரையேனும் பலி கொடுத்து அதன் அடியைத் தாங்கலாம் என்ற எண்ணமும் இங்கே முழுமையாகப் பலிக்காது. தற்காப்பு 1, உயிர்ப்புள்ளி 1 கொண்ட ஸ்னோபோர்ன் ஸ்கவுட்டை முன்னிறுத்தினால் சேதம் 5. அதில் 1ஐ ஸ்கவுட் தாங்க, மிஞ்சிய 4 உங்கள் த்ரெட்டில் ஏறும். ட்ரோல் அட்டையின் கீழே உள்ள இந்த விதியைப் பலர் கவனிக்காமல் கடந்துவிடுகிறார்கள்.

கொல்லும் கணக்கு இது. காண்டால்ஃப் களத்துக்கு வந்ததும் களத்தில் உள்ள ஓர் எதிரிக்கு 4 சேதம் தரலாம். அந்த எதிரி ஸ்டேஜிங் பகுதியில் இருந்தாலும் போதும், தற்காப்பு எண்ணும் இதில் கழியாது. ஒரு சுற்றின் குவெஸ்ட் கட்டத் தொடக்கத்தில் ஸ்னீக் அட்டாக் மூலம் ஒரே ஒரு வளத்துக்கு அவரை இறக்கி ட்ரோலுக்கு 4 சேதம் தந்துவிட்டு, அவருடைய 4 வில்பவரையும் (குவெஸ்டுக்கான திறன்) குவெஸ்டில் சேர்த்துக்கொள்ளுங்கள். கட்டம் முடிந்ததும் அவர் கைக்குத் திரும்பிவிடுவார். பிறகு வேறொரு சுற்றில் 5 வளங்களைச் செலுத்தி அவரை முறையாக இறக்கினால் இன்னொரு 4. அந்தச் சுற்றில் மட்டும் அவரைக் குவெஸ்டுக்கு அனுப்பாமல் வைத்திருந்து, ட்ரோலை நீங்களாகவே சண்டைக்கு இழுத்து, ஸ்கவுட்டைக் கொண்டு அதன் அடியைத் தாங்கி, காண்டால்ஃபின் 4 தாக்குதலால் அடித்தால் தற்காப்பு 3 போக எஞ்சும் 1 சேதத்தில் ட்ரோல் விழுகிறது. 4, 4, 1 என ஒன்பதும் சரியாக முடிகின்றன. த்ரெட் நான்கு ஏறியிருக்கும். கலாத்ரிம்ஸ் கிரீட்டிங் அதில் ஆறைக் குறைக்கும்.

பின்னர் சேர்த்தது: “இறக்கும்போது கிடைக்கும் பலன், ஸ்னீக் அட்டாக்கில் வந்தாலும் கிடைக்குமா?” என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். கிடைக்கும். கையிலிருந்து விலை கொடுத்து ஆட வேண்டும் என்று காண்டால்ஃப் அட்டை கேட்பதில்லை, களத்துக்குள் நுழைந்தாலே போதும். இன்னொருவர், தாக்குதல் 6க்குப் பதிலாக 7 ஆகிவிட்டதைக் குறிப்பிட்டிருந்தார். சண்டைக் கட்டத்தில் எதிரிக்கு வழங்கப்படும் நிழல் அட்டை அப்படிச் செய்யக்கூடும். நிழல் அட்டையின் விளைவை ரத்து செய்யும் ஹேஸ்டி ஸ்ட்ரோக்கையும் அதற்கான ஒரு வளத்தையும் அந்தச் சுற்றுக்கென்று ஒதுக்கி வைக்கச் சொல்வது இதனால்தான்.

நான்காம் படி: ஆற்றில்

இரண்டாம் நிலையில் சுற்றுக்கு ஓர் என்கவுன்டர் அட்டை (எதிரி, இடம் போன்ற சவால் அட்டை) கூடுதலாகத் திறக்கப்படும். தனியாளுக்கு அது இரு மடங்கு. அதற்கு ஈடாக, எதிரிகள் இங்கே தாமாகப் பாய்வதில்லை. ஆகவே சினாரியோ இப்போது உங்களிடம் கேட்பது வில்பவர் மட்டுமே. இயோவினின் 4, ஃபரமிரின் உதவி, லொகேஷன்கள் குவியாமல் தடுக்கும் நார்தர்ன் டிராக்கர் ஆகியவை முழுப் பயன் தரும் இடம் இதுதான். எலினோரை மட்டும் குவெஸ்டுக்கு அனுப்ப வேண்டாம். ட்ரெச்சரி (தீய நிகழ்வு) அட்டையை ரத்து செய்ய அவர் சாயாமல் (அந்தச் சுற்றில் வேறெதற்கும் பயன்படுத்தப்படாமல்) நிமிர்ந்திருக்க வேண்டும். மூன்றாம் நிலையில் களத்தில் உள்ள எதிரிகள் அனைவரையும் வீழ்த்தினால் வெற்றி; அதற்குள் ஓரிரு வலுவான துணைவர்கள் கையிலோ களத்திலோ இருந்தால் போதும்.

இதுவும் கடினமாக இருந்தால், எளிய முறையைத் தயங்காமல் பயன்படுத்துங்கள். ஒவ்வொரு ஹீரோவும் ஒரு கூடுதல் வளத்துடன் தொடங்குவார். சின்னத்தைச் சுற்றித் தங்க வளையம் உள்ள என்கவுன்டர் அட்டைகள் நீக்கப்படும்.

டோல் குல்டூரிலிருந்து தப்பிக்கும் மூன்றாவது சினாரியோவுக்கு இதே டெக்கைத் தனியாளாக எடுத்துச் செல்ல வேண்டாம். அங்கே உங்கள் ஹீரோக்களில் ஒருவர் தொடக்கத்திலேயே கைதியாகிவிடுவார், முதல் நிலையில் குழு முழுவதற்கும் சுற்றுக்கு ஒரு துணைவரைத்தான் ஆட முடியும். துணைவர்களை நம்பி அமைத்த டெக்குக்கு இந்த இரண்டும் சேர்ந்தால் தாங்காது. இரண்டு பேராக, ஒருவர் குவெஸ்டுக்கும் மற்றவர் சண்டைக்கும் என டெக்குகளைப் பிரித்துக்கொண்டு செல்லுங்கள்.