மறுமையில் நடக்கும் காதல் கதை: மூன்று பாக இளையோர் நாவலை வாசிக்கும் முறை

இறந்தவர்களின் உலகத்தில் காதல் நிகழும் மூன்று பாக ஃபேன்டஸி நாவல்கள் ஆங்கிலத்தில் இளையோருக்காகப் பல வந்துள்ளன. பதினைந்து, பதினாறு வயதில் ஆங்கில நாவல்களுக்குள் நுழையும் சென்னைப் பிள்ளைகளில் பலர் முதல் பாகத்தை ஒரே மூச்சில் முடித்துவிட்டு, இரண்டாம் பாகத்தின் நடுவில் புத்தகத்தை மூடிவிடுவதை நான் கவனித்திருக்கிறேன். அவர்களுக்குப் பொறுமை இல்லை என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் காரணம் அவர்கள் வாசிக்கும் முறையில் இருக்கிறது என்பதே என் எண்ணம். இவ்வகை நாவலில் காதலை மட்டும் பின்தொடர்ந்து சென்றால், காதலர்கள் பிரிந்தும் சேர்ந்தும் நிற்கும் இரண்டாம் பாகத்தில் சலிப்பு வந்தே தீரும். மறுமையை ஒரு சட்டம் உள்ள நாடாகக் கருதி, அந்தச் சட்டம் காதலர்களை எங்கே நெருக்குகிறது என்று பார்த்துக்கொண்டே வாசித்தால், மூன்று பாகமும் ஒரே நாவலாகத் தெரியத் தொடங்கும்.

முதல் வேலை, மூன்று பாகங்களையும் கையில் வைத்துக்கொண்டு தொடங்குவது. இத்தகைய தொடர்கள் வெளிவந்தபோது வாசகர்கள் ஆண்டுக்கு ஒரு பாகம் என்று காத்திருந்தார்கள். இன்று அந்தக் காத்திருப்பு நமக்குத் தேவையில்லை. முதல் பாகத்துக்கும் இரண்டாம் பாகத்துக்கும் இடையே நான்கைந்து மாதங்கள் ஓடிவிட்டால், நுணுக்கமான நிபந்தனைகள் எல்லாம் மனத்திலிருந்து நழுவிவிடும். அண்ணா சாலை, மயிலாப்பூர்ப் பக்கத்துப் பழைய புத்தகக் கடைகளிலும், ஜனவரி மாதத்தில் நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் புத்தகக் காட்சி நடக்கும்போது வெளியே நடைபாதையில் விரிக்கப்படும் கடைகளிலும், இரண்டாம் பாகம் மட்டும் தனியாகக் கிடைப்பது வழக்கம். விலை மலிவாக இருக்கிறதே என்று அதிலிருந்து தொடங்கிவிட வேண்டாம். அட்டையில் பாக எண் அச்சிடப்படாத பதிப்புகளும் உண்டு என்பதால், தலைப்புப் பக்கத்தின் பின்புறத்தில் உள்ள பதிப்பாண்டைப் பார்த்து வரிசையை உறுதி செய்துகொள்ளுங்கள். மெக் கேபட் எழுதிய தொடர் ‘அபாண்டன்’ (2011), ‘அண்டர்வேர்ல்ட்’ (2012), ‘அவேக்கன்’ (2013) என்ற வரிசையில் வந்தது. பிராடி ஆஷ்டன் எழுதியது ‘எவர்நீத்’ (2012), ‘எவர்பவுண்ட்’ (2013), ‘எவர்ட்ரூ’ (2014) என்ற வரிசையில் வந்தது. இரண்டாம், மூன்றாம் பாகங்களின் பின்னட்டைக் குறிப்புகளை அதற்கு முந்தைய பாகத்தை முடிக்கும்வரை வாசிக்காதீர்கள். முந்தைய பாகத்தின் முடிவு அங்கே முதல் வரியிலேயே வெளிப்பட்டுவிடும்.

வீட்டில் இடமும் அமைதியும் இல்லாதவர்களுக்குக் கோட்டூர்புரத்தில் 2010இல் திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகம் பேருதவி. சொந்தப் புத்தகத்தைக் கொண்டுசென்று வாசிப்பதற்கென்றே அங்கே தனிப் பகுதி இருக்கிறது. மின்சார ரயிலிலும் மெட்ரோவிலும் வாசிக்கலாம்தான். ஆனால் முதல் பாகத்தின் முதல் ஐம்பது பக்கங்களை மட்டுமாவது ஓரிடத்தில் உட்கார்ந்து வாசியுங்கள். அந்த உலகத்தின் சட்டங்களில் பெரும்பகுதி அங்கேதான், பெரும்பாலும் ஒரு சாதாரண உரையாடலுக்குள், சொல்லப்பட்டிருக்கும்.

அந்தச் சட்டங்களை எழுதிவைக்க ஒரு சிறு நோட்டுப் புத்தகம் போதும். மறுமைக்குள் ஒருவர் எப்படி நுழைகிறார், உயிரோடு நுழைய முடியுமா, திரும்பி வரும் வழி உண்டா, அங்கே எதை உண்ணக் கூடாது, எதைப் பார்க்கக் கூடாது, எந்த வாக்குறுதியைக் கொடுத்தால் மீற முடியாது, மீறினால் தண்டிப்பது யார் என்ற கேள்விகளைப் பக்கத்துக்கு ஒன்றாக எழுதிவிட்டு, விடை கிடைக்கும்போது பக்க எண்ணோடு குறித்துக்கொள்ளுங்கள். விடையைச் சொல்லும் பாத்திரத்தின் பெயரையும் சேர்த்து எழுதுவது மிக முக்கியம், ஏனெனில் இவ்வகைக் கதைகளில் சட்டத்தை முதலில் விளக்குபவர் பெரும்பாலும் அதில் ஆதாயம் உள்ளவராக இருப்பார். அவர் சொல்லாமல் விட்ட ஒரு பிரிவு மூன்றாம் பாகத்தில் கதையையே திருப்பும்.

காலக் கணக்குக்குத் தனிப் பக்கம் ஒதுக்குங்கள். ‘எவர்நீத்’ நாவலில் நிக்கி என்ற பெண் கீழுலகத்தில் நூறு ஆண்டுகளைக் கழித்துவிட்டு மேலே வருகிறாள். மேலே ஆறு மாதங்களே ஓடியிருக்கின்றன. மீண்டும் கீழே போவதற்கு முன் அவளுக்கு இங்கே கிடைக்கும் தவணையும் ஆறு மாதம்தான். இந்த ஒரு கணக்கை மனத்தில் நிறுத்தி வாசித்தால், அவளுடைய தந்தையின் கோபமும், காதலனின் குழப்பமும், பள்ளித் தோழிகளிடம் அவளால் பேச முடியாமல் போவதும் வேறு கனத்தோடு நம்மை வந்தடையும். அவர்களுக்கு அவள் அரையாண்டு காணாமல் போன பெண். அவளுக்கோ அவர்களுடைய முகங்கள் ஒரு நூற்றாண்டுக்கு முந்தைய நினைவு. கணக்கை விட்டுவிட்டால் அவள் வெறுமனே உம்மென்று இருக்கும் பெண்ணாகவே தோன்றுவாள்.

தமிழ் வாசகருக்கு இங்கே தனியாக ஒரு தடை உண்டு. நம் வீடுகளில் மறுமைக்கு அதிபதி எமன். எருமையும் பாசக் கயிறும் சித்திரகுப்தனின் கணக்கேடும் சேர்ந்த அந்த உருவத்துக்குத் தருமன் என்றும் பெயர், அவன் நீதிபதி. ஆங்கில இளையோர் நாவல்களில் கீழுலகத்தின் தலைவன் தனிமையில் வாடும் இளைஞனாக, காதலுக்கு ஏங்குபவனாக வருகிறான். அந்த உருவத்தின் வேர் கிரேக்கத் தொன்மத்தில், டிமீட்டர் என்ற பெண்தெய்வத்தின் மகள் பெர்செபொனியைக் கவர்ந்து சென்ற ஹேடிஸ் என்ற கடவுளிடம் இருக்கிறது. எமனை மனத்தில் வைத்துக்கொண்டு வாசித்தால் காதல் காட்சிகள் ஒட்டாமல் நிற்கும். அதற்காக எமனை முற்றிலும் விலக்கிவிடவும் வேண்டியதில்லை. மகாபாரதத்தின் வன பர்வத்தில் வரும் சாவித்திரியை நினைத்துக்கொள்ளுங்கள். கணவனின் உயிரை நேரடியாகக் கேட்கக் கூடாது என்ற நிபந்தனைக்குள் நின்றுகொண்டே, மாமனாரின் பார்வை, இழந்த அரசு, தந்தைக்குப் பிள்ளைகள் என்று வரங்களை வாங்கி, கடைசியில் தனக்கும் சத்தியவானுக்கும் நூறு பிள்ளைகள் வேண்டும் என்று கேட்டு அவள் எமனை வாக்கால் கட்டிவிடுகிறாள். மறுமை நாவல்களில் வெற்றி வரும் வழிகளில் இதுவும் ஒன்று: சட்டத்தின் சொற்களை மிகக் கவனமாகக் கேட்டவர் ஜெயிப்பார். இன்னொரு பக்கம் கிரேக்கத் தொன்மத்தின் பாடகன் ஆர்ஃபியஸ் இருக்கிறான். மனைவியை மீட்டு மேலே வரும் வழியில் திரும்பிப் பார்க்கக் கூடாது என்ற ஒற்றை நிபந்தனையை அவனால் காக்க முடியவில்லை. அவளை இரண்டாம் முறையாக இழந்தான். நீங்கள் வாசிக்கும் நாவலின் கதாநாயகி சாவித்திரியின் வழியில் போகிறாளா, ஆர்ஃபியஸின் வழியில் போகிறாளா என்று ஒவ்வொரு பாகத்தின் முடிவிலும் கேட்டுப் பாருங்கள்.

மூலத் தொன்மத்தை எப்போது வாசிப்பது என்று பலர் கேட்பார்கள். முதல் பாகத்தை முடித்த பிறகு, இரண்டாம் பாகத்தைத் தொடங்கும் முன் வாசிப்பதே நல்லது. முன்னதாகவே வாசித்துவிட்டால் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் கிரேக்கப் பெயரை ஒட்டிக்கொண்டே போவோம். கதையை அது சொல்லும் விதத்தில் கேட்க மாட்டோம். பெர்செபொனியின் கதையில் மாதுளை விதை முக்கியம். கீழுலகத்தில் அதை உண்டதால் அவள் ஆண்டின் ஒரு பகுதியை அங்கேயே கழிக்க வேண்டியதாகிறது. அந்தப் பகுதி எவ்வளவு என்பதில் பழைய நூல்களே ஒத்துப்போவதில்லை: டிமீட்டரைப் பாடும் பழைய கிரேக்கத் துதிப்பாடல் மூன்றில் ஒரு பங்கு என்கிறது, ரோமானியக் கவிஞர் ஓவிட் பாதி ஆண்டு என்கிறார். ஆகவே தற்கால நாவலாசிரியர் கணக்கை மாற்றினால் அதைப் பிழை என்று எண்ண வேண்டாம். எந்தப் பக்கமாக மாற்றினார், அதனால் பெண்ணுக்குக் கிடைக்கும் சுதந்திரம் கூடியதா குறைந்ததா என்று பாருங்கள். மறுமையை மூன்று பாகங்களில் பாடிய இத்தாலியக் கவிஞர் தாந்தேயின் ‘தெய்வீக இன்பியல்’ நூலை முழுவதும் வாசிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. நரகம் 34 காண்டங்களும், கழுவாய் உலகம் 33 காண்டங்களும், சொர்க்கம் 33 காண்டங்களுமாக மொத்தம் நூறு என்ற கட்டமைப்பை அறிந்திருந்தால் போதும்.

இரண்டாம் பாகத்துக்கு வருவோம். பெரும்பாலான தொடர்களில் அறிமுகமும் வியப்பும் முதல் பாகத்தோடு முடிந்துவிடும்; முடிவு மூன்றாம் பாகத்துக்கு ஒதுக்கப்பட்டிருக்கும்; இடையில் உள்ள பாகத்துக்கு மிஞ்சுவது சட்டத்தைச் சோதிக்கும் வேலை. இங்கே வேகத்தைக் குறைத்து, நாளுக்கு இரண்டு மூன்று அத்தியாயங்கள் என்று வாசியுங்கள். நோட்டுப் புத்தகத்தில் முன்பு எழுதிய ஒவ்வொரு விதிக்கும் எதிரே, அதை மீற முயன்றவர் யார், அவருக்கு என்ன ஆயிற்று என்று எழுதுங்கள். துணைப் பாத்திரங்களை, குறிப்பாக முன்பே இறந்துபோய் அங்கே பணியாற்றுபவர்களை, அலட்சியமாகத் தாண்டிவிடாதீர்கள். காதலர்கள் சட்டத்தை வளைக்கும்போது விலை கொடுப்பவர்கள் அவர்களாகவே இருப்பது வழக்கம். இருவரில் யாரைத் தேர்ந்தெடுப்பாள் என்ற முக்கோணக் காதல் இருந்தால், அழகையும் கோபத்தையும் ஒப்பிடுவதை விட்டுவிட்டு, இருவரில் யார் அவளிடம் சட்டத்தை முழுமையாகச் சொன்னார் என்று மட்டும் பாருங்கள்.

இந்தக் கடைசிக் கேள்வியை நான் மிகவும் வலியுறுத்துவேன். பதினேழு வயதுப் பெண்ணும், உருவத்தில் இளைஞனாக இருந்தாலும் நூறாண்டுகளைக் கடந்தவனும் காதலிப்பது இவ்வகை நாவல்களில் சகஜம். பெர்செபொனியின் மூலக் கதையோ கடத்தலில்தான் தொடங்குகிறது. அதை மென்மையான காதலாக மாற்றி எழுதும் ஆசிரியர், அவளுடைய சம்மதத்தை எந்த இடத்தில் வைக்கிறார் என்று தேடிப் பாருங்கள். அவளைக் காப்பதற்காக என்று சொல்லிப் பூட்டிவைக்கும் காட்சி வந்தால் அதைக் குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் நாவலே அதைக் கேள்வி கேட்கிறதா, இல்லை இனிய காட்சியாகக் கடந்துவிடுகிறதா என்று பாருங்கள். பிள்ளைகளோடு சேர்ந்து வாசிக்கும் பெற்றோர் புத்தகத்தைப் பறித்துவைப்பதைவிட இந்தக் கேள்வியை ஒரு முறை கேட்டுவிட்டு விடையைப் பிள்ளையிடம் விடுவது நல்ல பயன் தரும்.

மறுமையையும் காதலையும் சேர்த்து நினைப்பது நமக்குப் புதியதும் அல்ல. குறுந்தொகையின் 49ஆம் பாடலில் தலைவி, இந்தப் பிறவி மாறி மறுபிறவி வந்தாலும் நீயே என் கணவனாக வேண்டும், நான் உன் நெஞ்சுக்கு உரியவளாக வேண்டும் என்கிறாள். திருக்குறளின் 1315ஆம் குறளில், இந்தப் பிறவியில் பிரிய மாட்டோம் என்று தலைவன் சொன்னதைக் கேட்டதுமே, அப்படியானால் மறுபிறவியில் பிரிவு உண்டோ என்று அவள் கண் நிறைய நீர் கொள்கிறாள். மூன்றாம் பாகத்தைத் தொடங்கும் முன் இந்த இரண்டையும் வாசித்துவிடுங்கள். ‘என்றென்றும்’ என்று ஆங்கில நாவலின் காதலன் வாக்குக் கொடுக்கும்போது, அந்த வாக்கின் எல்லை எது என்று கேட்கும் காது உங்களுக்கு வந்திருக்கும்.

வீட்டில் அண்மையில் ஒரு சாவு நிகழ்ந்திருந்தால் இந்த வாசிப்பைத் தள்ளிவைப்பதா வேண்டாமா என்பதை வாசிப்பவரே முடிவு செய்யட்டும். சிலருக்கு, இறந்தவர் எங்கோ நடமாடுகிறார் என்ற கற்பனை ஆறுதல் தரும்; சிலருக்குத் திரும்பி வரும் வழி உண்டு என்று கதை சொல்வதே தாங்க முடியாததாக இருக்கும். காரியம் முடியும்வரை இத்தகைய புத்தகம் வேண்டாம் என்று வீட்டுப் பெரியவர்கள் சொன்னால் அந்தச் சொல்லுக்கு மதிப்புக் கொடுக்கலாம். பதினாறு நாள் கழித்தும் புத்தகம் அங்கேதான் இருக்கும். வாசித்துக்கொண்டிருக்கும்போது அழுகை வந்தால் அத்தியாயத்தை முடித்தே ஆக வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காமல் எழுந்துவிடுங்கள்.

மூன்றாம் பாகத்தின் கடைசி நூறு பக்கங்களுக்கு முன்னால் ஒரு முறை நிறுத்தி, நோட்டுப் புத்தகத்தை முழுவதும் படியுங்கள். காதலர்கள் மேலே வாழ்வது, கீழேயே தங்குவது, ஆண்டைப் பிரித்துக்கொள்வது, சட்டத்தையே மாற்றுவது என்று சாத்தியமான முடிவுகள் சிலவே. எழுதிவைத்த விதிகளின்படி எது நியாயமாக வரக்கூடும் என்று உங்கள் தீர்ப்பை எழுதிவிட்டு மேலே வாசியுங்கள். ஆசிரியரின் முடிவு உங்கள் முடிவோடு ஒத்துப்போக வேண்டும் என்பதில்லை. ஆனால் எந்த விதி உடைந்தாலும் அதற்குரிய விலையை யாராவது கொடுத்திருக்க வேண்டும். முதல் பாகத்தில் மீற முடியாது என்று உறுதியாகச் சொல்லப்பட்ட ஒன்று, ஒரு விளக்கமும் இன்றி, ஒருவருக்கும் இழப்பின்றி, கடைசி அத்தியாயத்தில் மறைந்துபோனால் அந்தத் தொடர் தோற்றுவிட்டது என்று தயங்காமல் எழுதுங்கள். எந்தப் பக்கத்தில் தோற்றது என்பதைக் காட்டும் எண்ணும் உங்கள் நோட்டிலேயே இருக்கும்.