இரைப்பை முறுக்கிக்கொண்ட நாய்: அறுவை சிகிச்சைக்கு முன்னும் பின்னும் செய்ய வேண்டியவை

நாய் வாந்தியெடுக்க முக்குகிறது, ஒன்றும் வரவில்லை. எச்சில் மட்டும் நூலாக ஒழுகுகிறது. வயிறு உப்பி, படுக்கவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் தவிக்கிறது. கிரேட் டேன், ஜெர்மன் ஷெப்பர்ட், டாபர்மேன் போன்ற ஆழமான மார்புள்ள பெரிய நாய்களில் இது அதிகம். வீட்டு வைத்தியத்துக்கு இங்கே இடமே இல்லை.

படி 1: உடனே கிளம்புங்கள்

வழியிலேயே மருத்துவமனைக்குத் தகவல் சொல்லிவிடுங்கள். வாயில் தண்ணீரோ மருந்தோ ஊற்றாதீர்கள். இரைப்பை திருகிக்கொண்டால் மேல்வாயும் கீழ்வாயும் அடைபட்டுவிடும். காற்று வெளியேற வழியே இருக்காது. உப்பிய இரைப்பை பெரிய சிரைகளை அழுத்துவதால் இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறைகிறது. நாயின் உயிரைப் பறிப்பது பெரும்பாலும் இந்த அதிர்ச்சி நிலைதான்.

படி 2: கத்தி வைக்கும் முன் நடப்பதற்குப் பொறுமை காட்டுங்கள்

சிரை வழியாகத் திரவம் ஏற்றுவார்கள், குழாய் விட்டோ வயிற்றில் ஊசி குத்தியோ காற்றை இறக்குவார்கள், எக்ஸ்ரே எடுப்பார்கள். இது காலதாமதம் அல்ல. ரத்த அழுத்தம் தேறாத நாய் மயக்க மருந்தைத் தாங்காது.

படி 3: கையெழுத்திடும் முன் கேளுங்கள்

இரைப்பையை வயிற்றுச் சுவரோடு சேர்த்துத் தைப்பீர்களா என்பது முதல் கேள்வி. தைக்காமல் நேராக்கி மட்டும் விட்டால் மீண்டும் முறுக்கிக்கொள்ளும் வாய்ப்பு மிக அதிகம். இரைப்பைச் சுவரில் ரத்த ஓட்டமின்றிக் கருத்த பகுதி இருந்தால் வெட்டியெடுக்க வேண்டும். மண்ணீரலும் சேர்ந்து திருகியிருந்தால் அதையும் எடுக்க நேரலாம். மண்ணீரல் இல்லாமல் நாய் வாழும். ஆனால் இரைப்பையின் பெரும்பகுதி அழுகியிருந்தால் பிழைப்பது கடினம். அந்த நிலையில் என்ன செய்வது என்பதை முன்கூட்டியே மருத்துவரிடம் மனம்விட்டுப் பேசிவிடுங்கள்.

படி 4: முதல் 3 நாட்கள்

அறுவை நன்றாக முடிந்ததும் நிம்மதி வருவது இயல்பு. ஆனாலும் நாயை அவசரப்பட்டு வீட்டுக்குக் கேட்காதீர்கள். இதயத் துடிப்பு தாறுமாறாவது பெரும்பாலும் இந்த நாட்களில்தான். இசிஜி இல்லாமல் அது தெரியாது. சேதமடைந்த சுவர் சில நாட்கள் கழித்து ஓட்டையாகி வயிற்றறைக்குள் சீழ் பிடிப்பதும் உண்டு. வாந்தி நுரையீரலுக்குள் போய் நிமோனியாவும் வரலாம்.

படி 5: வீட்டில்

மென்மையான உணவைச் சிறு சிறு பங்காகப் பலமுறை கொடுங்கள். தையலை நக்காமல் இருக்கக் கழுத்தில் கூம்பு மாட்டுங்கள். சுமார் 2 வாரத்தில் தையல் பிரிக்கும் வரை ஓட்டம், குதித்தல், மாடிப்படி வேண்டாம். வெளிக்குப் போகக்கூட வாரைப் பிடித்தே அழைத்துச் செல்லுங்கள். மனிதருக்கான வலி மாத்திரை எதையும் தராதீர்கள், ஐபுபுரூஃபன் அந்த இரைப்பையில் புண்ணையே உண்டாக்கும்.

தினமும் மேலுதட்டைத் தூக்கி, ஈறை விரலால் அழுத்தி விடுங்கள். வெளுத்த இடம் 2 நொடிக்குள் மீண்டும் இளஞ்சிவப்பாக வேண்டும். தாமதமானாலோ, ஈறு வெளிறியிருந்தாலோ, மலம் கறுத்தாலோ, வாந்தி தொடர்ந்தாலோ உடனே அழைத்துப் போங்கள். வயிறு திரும்ப உப்பினாலும் அப்படியே: தைத்துவிட்ட இரைப்பை முறுக்கிக்கொள்வது அரிது, ஆனால் காற்றால் உப்பலாம்.

அதே ஈற்றில் பிறந்த குட்டிகள் யாரிடமாவது வளர்ந்தால் அவர்களுக்கும் சொல்லுங்கள். நெருங்கிய ரத்த உறவுள்ள நாய்களுக்கு ஆபத்து கூடுதல். கருத்தடை அறுவையின்போதே இரைப்பையை முன்னெச்சரிக்கையாகத் தைத்துவிட முடியும்.