அரிசிமாதானே என்று கொடுத்துவிடாதீர்கள்

போன ஆவணியில் அக்கா குடும்பம் நோர்வேயிலிருந்து கிளிநொச்சிக்கு வந்திருந்தது. என் பெறாமகளுக்குச் சீலியாக் நோய். கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் குளூட்டன் என்ற புரதம் இருக்கிறது. அது உள்ளே போனால் அவளுடைய உடலே தன் சிறுகுடலின் உட்சுவரைத் தாக்கத் தொடங்கிவிடும். இது எனக்குத் தெரியும். அதனால்தான் பாண், கேக், பிஸ்கட் ஒன்றையும் வாங்காமல் கொழுக்கட்டை அவித்தேன். "அரிசிமாதான் பிள்ளை, பயப்படாமல் சாப்பிடு" என்று இரண்டு கொடுத்தேன். அன்றிரவு முழுக்க வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தாள்.

"சின்னம்மா, அரிசிமாவோட வேற என்ன போட்டனீங்கள்?" என்று விடியத்தான் கேட்டாள். அப்போதுதான் நினைவு வந்தது. கொழுக்கட்டை வெடிக்காமல் வரவேண்டும் என்று இரண்டு கைபிடி அவித்த கோதுமை மா கலந்திருந்தேன். அம்மா செய்வதைப் பார்த்துப் பழகிய கை, கேட்காமலே போட்டுவிட்டது.

எங்கள் பக்கத்தில் பெரும்பாலானோர் விடும் தவறு இதுதான். பலகாரத்தின் பெயரைப் பார்த்து நம்பிவிடுகிறோம். வன்னியில் குரக்கனும் சாமையும் தினையும் விளைந்த மண் இருக்கிறது, நெல்லுக்குக் குறைவில்லை. ஆனாலும் கடையில் மலிவாகக் கிடைத்ததும், இடம்பெயர்ந்த காலத்தில் நிவாரணமாகக் கையில் கிடைத்ததும் கோதுமை மாதான். அது மெல்ல மெல்ல எல்லாப் பலகாரத்துக்குள்ளும் புகுந்துவிட்டது. பயத்தம் பணியாரத்தின் உள்ளே பயறு, மேலே தோய்க்கும் கரைசலில் கோதுமை மா. பனங்காய்ப் பணியாரத்தில் பனங்களியோடு கோதுமை மா. உளுந்து முறுக்கில் அவித்த கோதுமை மா. ஆகவே "இது அரிசிமாவா?" என்று கேட்டால் "ஓம்" என்றுதான் பதில் வரும். "வேறு என்ன மா சேர்த்தீர்கள்?" என்று கேளுங்கள்.

மாவை அவித்தால், வறுத்தால் குளூட்டன் போய்விடும் என்று சிலர் சொல்கிறார்கள். போகாது. பொரித்தாலும் போகாது.

"கொஞ்சம்தானே" என்பதும் வேண்டாம். குளூட்டன் இல்லாத உணவு என்று சொல்ல, ஒரு கிலோவில் 20 மில்லிகிராமுக்கு மேல் அது இருக்கக் கூடாது என்பது சர்வதேச அளவுகோல். ஒரு கிலோ அரிசிமாவில் ஒரு தேக்கரண்டி கோதுமை மா விழுந்தாலே அந்த எல்லை பல மடங்கு தாண்டிவிடும்.

அப்புறம் அரிதட்டு. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் யாருக்கும் இது தோன்றுவதில்லை. அன்று எங்கள் அரிதட்டை வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். கழுவிக் காயவைத்ததுதான். ஆனாலும் கம்பி வலை விளிம்போடு சேரும் இடத்தில், வட்டம் முழுக்க, வெள்ளையாக மா இறுகிப் போயிருந்தது. ஊசியால் கிளறினால் பொருக்காக விழுகிறது. அதே தட்டில் எத்தனை சுத்தமான அரிசிமாவை அரித்தாலும் பயன் இல்லை. புட்டு அவிக்கும் நீற்றுப்பெட்டியின் ஓலை இடுக்கும் அப்படித்தான். இரண்டையும் புதிதாக வாங்கிச் சிவப்பு நூல் கட்டித் தனியாகத் தொங்கவிட்டேன். மாவரைக்கும் மில்லிலும் முன்னால் என்ன அரைத்தார்கள் என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

எண்ணெய்க்கும் இதே கதைதான். கோதுமை மாவில் செய்த ரோல்ஸ் பொரித்த எண்ணெயில் பொரித்தால் நல்ல அரிசிமா அரியதரமும் கெட்டதுதான்.

கடையில் "குரக்கன்" என்று எழுதியிருப்பதைக் கண்டு ஏமாறாதீர்கள். குரக்கனில் குளூட்டன் இல்லை, உண்மை. ஆனால் குரக்கன் பாணிலும் குரக்கன் பிஸ்கட்டிலும் பெரும்பாலும் கோதுமை மாதான் அதிகம். பக்கெற்றின் பின்பக்கத்தை வாசியுங்கள். மோல்ட் என்று இருந்தால் அது பொதுவாகப் பார்லி. மைலோவும் ஹார்லிக்ஸும் அதனால் ஆகாது. ரவை கோதுமைதான், ஆகவே கேசரியும் ரவை லட்டும் வேண்டாம். பாயாசத்தில் சேமியாவுக்குப் பதில் சவ்வரிசி போடலாம். ஐஸ்கிரீமைக் கோனில் வாங்காமல் கப்பில் வாங்குங்கள், அதில் வேஃபர் குத்தவேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லுங்கள்.

சரி, எதைத்தான் கொடுப்பது? நிறைய இருக்கிறது. எள்ளுருண்டை, பனங்கட்டி, வட்டிலப்பம், எருமைத் தயிரும் காட்டுத் தேனும். வற்றாப்பளை அம்மனுக்கு வைகாசியில் பொங்கும் பொங்கலைப்போல பச்சரிசியும் பாலும் சர்க்கரையும் சேர்ந்த எதுவும் நல்லது. தொதலும் அரிசிமாவில் கிண்டினால் சரி. பயத்தம் பணியாரத்துக்கு ஆசைப்பட்டால் உருண்டையோடு நிறுத்திவிடுங்கள்: வறுத்துத் திரித்த பயத்தம் மா, சீனி, ஏலக்காய், கொஞ்சம் மிளகு, கொதிநீர் தெளித்துச் சூட்டோடு பிடிப்பது. கொழுக்கட்டைக்கு வறுத்த அரிசிமா மட்டும் போதும். தண்ணீர் நன்றாகக் கொதிக்கவேண்டும், சூடு ஆறமுன் குழைக்கவேண்டும், குழைத்த மாவை ஈரத்துணியால் மூடிவைக்கவேண்டும். இரண்டாம் முறை அப்படிச் செய்தேன். ஒன்றிரண்டு வெடித்தன, அவள் ஐந்து சாப்பிட்டாள். இவற்றில் சீனி குறைவில்லை, சலரோகக்காரர் கவனமாக இருக்கவேண்டும்.

கடைசியாக ஒன்று. இதை வாசித்துவிட்டு உங்கள் பிள்ளைக்கும் இந்த நோய் இருக்குமோ என்று சந்தேகம் வந்தால், உடனே கோதுமையை நிறுத்திவிடாதீர்கள். முதலில் வைத்தியரிடம் போங்கள். கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது எடுக்கும் இரத்தப் பரிசோதனைதான் சரியாகக் காட்டும். முன்பே நிறுத்தியிருந்தால் நோய் இருந்தும் இல்லை என்று முடிவு வரக்கூடும்.