அட்டவணை மனப்பாடம், ஆனாலும் 'ஐ டிட் நொட் வென்ட்'

கொழும்பில் ஆங்கில ரியூஷனுக்குப் பஞ்சமில்லை. வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைப் பக்கம் சுவருக்குச் சுவர் 'ஸ்போக்கன் இங்கிலிஷ்' விளம்பரம்தான். மருதானைப் பழைய புத்தகக் கடையில் ஓர் இலக்கணக் கையேட்டைப் புரட்டினால், அநேகமாகப் பெயர்ச்சொல் வகைகளில்தான் தொடங்கும்: ப்ரொப்பர், கொமன், கலெக்டிவ், மெட்டீரியல், அப்ஸ்ட்ராக்ட். அடுத்து கோ, வென்ட், கோன் என்று வினைச்சொல் அட்டவணை. இரண்டையும் மூச்சுவிடாமல் ஒப்புவிக்கும் பிள்ளைதான் வேலைக்கு விண்ணப்பிக்கும்போது 'ஐ டிட் நொட் வென்ட்' என்று எழுதுகிறது. பட்டியல் மனதில் இருக்கிறது. வாக்கியத்துக்குள் அதற்கு என்ன வேலை என்று யாரும் காட்டவில்லை.

முதலில் பெயர்ச்சொல். 'கொழும்பு' எந்த வகை என்று நேர்முகத் தேர்வில் ஒருவரும் கேட்கப் போவதில்லை. நீங்கள் கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்றுதான்: ஆங்கிலம் இதை எண்ணுமா, எண்ணாதா? எண்ணாது என்றால் பின்னால் 'ஸ்' வராது, முன்னால் 'ஏ', 'ஆன்' வராது, 'மெனி'க்குப் பதில் 'மச்' வரும். ஃபர்னிச்சர், இன்ஃபர்மேஷன், அட்வைஸ், லகேஜ், ஹோம்வேர்க், ஜுவலரி எல்லாம் இந்தக் கூட்டம். தமிழில் தகவல்கள், நகைகள் என்று தாராளமாகச் சொல்லிப் பழகியதால் அந்தக் 'கள்' அங்கே 'ஸ்' ஆக ஒட்டிக்கொள்கிறது. செட்டியார் தெருவில் எத்தனை நகைக்கடை ஏறி இறங்கினாலும் வாங்கியது 'ஜுவலரி'தான். எண்ணியே ஆக வேண்டுமென்றால் 'டூ பீசஸ் ஒஃப் ஜுவலரி'.

கையேட்டின் ஐந்து வகை இங்கே கைகொடுக்காது. அப்ஸ்ட்ராக்ட் என்றால் எண்ண முடியாது என்று பலர் நினைக்கிறார்கள். 'ஐடியா' கண்ணுக்குத் தெரியாது, ஆனாலும் 'டூ ஐடியாஸ்' சரி. தளபாடம் கண்முன்னே நாலு காலில் நிற்கிறது, ஆனால் 'டூ ஃபர்னிச்சர்ஸ்' பிழை. சந்தேகம் வந்தால் கேம்பிரிட்ஜ் அகராதியைப் பாருங்கள். எண்ணக்கூடியதற்கு 'சி', எண்ணாததற்கு 'யு' என்று குறி போட்டிருக்கும். சில சொற்களுக்கு இரண்டும் இருக்கும். 'பேப்பர்' வெறும் காகிதமாக இருந்தால் எண்ணாது. 'ஏ பேப்பர்' என்றால் பத்திரிகை அல்லது பரீட்சை வினாத்தாள்.

அலுவலகங்களில் அடிக்கடி அடிபடுவது 'ஸ்டாஃப்'. 'ஃபைவ் ஸ்டாஃப்ஸ்' வேண்டாம், 'ஃபைவ் ஸ்டாஃப் மெம்பர்ஸ்' போதும். கிரிக்கெட் வர்ணனையில் 'ஸ்ரீ லங்கா ஆர் பேட்டிங்' என்று கேட்டால் பிழை பிடிக்காதீர்கள். அணியைப் பன்மையாகச் சொல்வது பிரித்தானிய வழக்கம்.

இனி வினைச்சொல். டிட், டஸ், கேன், குட், வில், மஸ்ட் ஆகியவற்றுக்குப் பின்னால் அட்டவணையின் முதல் வடிவம் மட்டுமே வரும். இறந்தகாலத்தை 'டிட்' ஏற்கெனவே சொல்லிவிட்டது, திரும்பவும் 'வென்ட்' எதற்கு? 'டிட் நொட் ரிசீவ்ட்', 'டஸ் ஷி கோஸ்' இரண்டும் இதே கோளாறு. 'ஹேவ்', 'ஹேஸ்', 'ஹேட்' வந்தால் மூன்றாம் வடிவம்: 'ஹேவ் கோன்', 'ஹேவ் சீன்'.

நன்றாகப் படித்தவர்களும் சறுக்கும் இடம் வேறு. 'நேற்று உங்கள் ஒஃபிஸுக்கு வந்திருந்தேன்' என்பது நமக்கு இயல்பான பேச்சு. அதை அப்படியே 'ஐ ஹேட் கம் யெஸ்டர்டே' என்று எழுதிவிடுகிறோம். ஆங்கிலத்தில் 'ஹேட் கம்' என்றால், அது முடிந்த பிறகு நடந்த இன்னொரு சம்பவத்தைக் கேட்பவர் எதிர்பார்ப்பார். 'வென் ஐ கேம், த மெனேஜர் ஹேட் லெஃப்ட்' சரி, ஏனென்றால் மெனேஜர் போனது முதலில், நீங்கள் வந்தது பிறகு. நேற்று வந்ததை மட்டும் சொல்ல 'ஐ கேம்' தாராளம். 'யெஸ்டர்டே', 'லாஸ்ட் வீக்' என்று முடிந்த நேரத்தைச் சொன்னால் 'ஐ ஹேவ் கம்' என்பதும் பொருந்தாது. சரி, 'ஐ ஆம் ஹேவிங் டூ சிஸ்டர்ஸ்'? உடைமைக்கும் உறவுக்கும் 'ஐ ஹேவ்' மட்டும். 'ஐ ஆம் ஹேவிங் லன்ச்' தவறில்லை. அது அந்த நேரத்தில் செய்யும் வேலை.

அட்டவணையைக் கண்ணால் மட்டும் படிக்காதீர்கள். 'கட்', 'புட்', 'கொஸ்ட்' மூன்று வடிவத்திலும் மாறாது, அதனால் 'கட்டட்', 'புட்டட்' என்று நீட்ட வேண்டாம். 'ரீட், ரெட், ரெட்' மூன்றும் தாளில் ஒரே எழுத்துகள்தான். வாய்விட்டு வாசித்தால்தான் எந்த வடிவத்தைத் தவறாகச் சொல்லிவந்தோம் என்று மாட்டும்.