டர்போவுக்குப் பின்னால் வடிகட்டி இல்லை: இன்டர்கூலர் பூட்டுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற ஆடி மாதம், யாழ்ப்பாணம் கோண்டாவிலில் இருக்கும் என் கொட்டகைக்கு ஒரு தம்பி தனது டொயோட்டா ஸ்டார்லெட் ஜி.டி. டர்போவைக் கொண்டுவந்து நிறுத்தினார். டர்போ எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும்; அப்படி அழுத்தும்போது சூடாகும் காற்றைக் குளிர்விப்பதுதான் இன்டர்கூலர். புதிதாகப் பூட்டிய அலுமினிய இன்டர்கூலர் பம்பர் வலைக்குள் பளபளத்துக்கொண்டிருக்க, பின்னால் சைலன்சரிலிருந்து நீலப் புகை வந்துகொண்டிருந்தது. பூட்டி எவ்வளவு காலம் என்று கேட்டேன். மூன்று கிழமை என்றார். வெட்டிய குழாய்களை எப்படிச் சுத்தம் செய்தீர்கள் என்று கேட்டேன். "கொம்பிரசரால காத்தடிச்சனான், அண்ணை" என்றார். பதினைந்து வருடங்களுக்கு முன்னர் என்னிடம் யாராவது கேட்டிருந்தால் நானும் இதே பதிலைத்தான் சொல்லியிருப்பேன்.

இலங்கையில் 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் கையில் இருந்த பழைய கார்களையே மெருகேற்றப் பழகிய பிள்ளைகள் பலர், இப்போது கராஜுக்குப் போகாமல் வீட்டு முற்றத்திலேயே இந்த வேலையைச் செய்கிறார்கள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நெளிந்த தகடு, மாறிப் பூட்டிய குழாய் போன்ற பிழைகள் அன்றைக்கே தம்மைக் காட்டிக்கொடுத்துவிடும் என்பதால் அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

உட்புறத்தைக் கழுவாமல் பூட்டுவது

எஞ்சினுக்குள் போகும் காற்றுக்கு வடிகட்டி ஒன்றுதான் இருக்கிறது. அதுவும் டர்போவுக்கு முன்னால் இருக்கிறது. டர்போவைத் தாண்டிய காற்று குழாய், இன்டர்கூலர், மறுபடியும் குழாய், திராட்டில், வால்வு என்று நேரே சிலிண்டருக்குள் போகிறது. இடையில் ஒரு வலைத்துண்டு கூடக் கிடையாது. ஆகவே இந்தப் பாதையில் பூட்டும் பொருளின் உள்ளே எது ஒட்டிக்கிடந்தாலும், அது இன்றோ அடுத்த மாதமோ பிஸ்டன் தலையில் வந்து விழும்.

என் முதல் இன்டர்கூலரை என் சொந்த ஸ்டார்லெட்டுக்குப் பூட்டியபோது, குழாய்களை ஹக்சோவால் வெட்டி, ஓரங்களை அரத்தால் தேய்த்து, வளைவுகளை ஒரு வெல்டிங் பட்டறையில் ஒட்டுவித்தேன். பின்னர் இருபுறமும் காற்றடித்து, டோர்ச் வெளிச்சத்தில் உள்ளே பார்த்து, போதாக்குறைக்கு ஒரு நூலில் காந்தத்தைக் கட்டி உள்ளே இறக்கி, அதில் எதுவும் ஒட்டவில்லை என்று மகிழ்ந்தேன். அலுமினியத்தைக் காந்தம் பிடிக்காது என்பது பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரிந்த விடயம். எனக்கு அன்று அது தோன்றவில்லை. காற்றடிப்பதாலும் பயனில்லை, ஏனெனில் அரத்தூள் வெட்டும்போது விட்ட எண்ணெயில் தோய்ந்து வளைவுகளின் உட்சுவரில் ஒட்டிக்கொள்ளும். பிறகு கார் ஓடி, குழாய் சூடாகி, எண்ணெய் இளகும்போது அது கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்று போகும். கார் உடனே பழுதாகாமல் சில கிழமைகள் நன்றாக ஓடுவதற்கும், பூட்டியவர் தன் வேலையைச் சந்தேகிக்காமல் பெற்றோலைக் குறை சொல்வதற்கும் இதுவே காரணம்.

எனது காரில் மூன்றாவது சிலிண்டரின் கம்பிரசன் விழுந்திருந்தது. ஹெட்டைக் கழற்றிப் பார்த்தால், சிலிண்டர் சுவரில் மேலிருந்து கீழாகப் பூனை பிறாண்டியது போல நான்கு கோடுகள் இருந்தன. விரல் நகத்தை ஓட்டியபோது ஒவ்வொன்றிலும் தடக்கியது. ஓவர்சைஸ் பிஸ்டன் தேடி, வாகன உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த கொழும்பு பஞ்சிகாவத்தைக்கு இரண்டு தடவை பஸ் ஏறினேன். அந்தச் செலவு இன்டர்கூலரின் விலையைப் போல ஐந்து மடங்குக்கு மேல் வந்தது.

அலுமினியம் மென்மையான உலோகம்தானே, அது எப்படிச் சிலிண்டரின் வார்ப்பிரும்பைக் கீறும் என்று இன்றும் என்னோடு வாதிடுகிறவர்கள் இருக்கிறார்கள். காற்றுப் பட்ட அலுமினியத்தின் மேல் படியும் ஒட்சைட்டும், நீங்கள் தேய்க்கும் மண்தாளில் ஒட்டியிருக்கும் அலுமினிய ஒட்சைட்டும் வேதியியலில் ஒரே பொருள்தான். வெல்டிங் ஒட்டின் உட்புறத்தில் தெறித்து உறைந்திருக்கும் மணிகள் அதைவிடப் பெரியவை.

செய்ய வேண்டியது கடினமான வேலையல்ல. இன்டர்கூலரின் உடலான கோரின் ஒரு வாயை இறுக்கமாக அடைத்து, கால்வாசிக்கு மண்ணெண்ணெய் விட்டு, மறு வாயையும் அடைத்து, இருவர் பிடித்து ஐந்து நிமிடம் ஆட்டுங்கள். பிறகு அதை ஒரு பழைய வெள்ளை வேட்டித் துண்டின் ஊடாக வடியுங்கள். தம்பியின் கோரை நாங்கள் கழுவியபோது முதல் வடிப்பில் துணியில் மீன் செதில் போலச் சிறு தகடுகள் மின்னின. ஆறாவது தடவைதான் துணி வெள்ளையாக வந்தது. குழாய்களையும் இப்படியே கழுவி, உள்ளே துணி திணித்து இழுத்து, கடைசியில் சவர்க்கார வெந்நீரால் மண்ணெண்ணெயைப் போக்கி, ஒரு முழுநாள் வெயிலில் காயவிடுங்கள். பெற்றோலால் கழுவும் எண்ணமே வேண்டாம்.

ஹாஃப் கட்டிலிருந்து (பாதியாக வெட்டி இறக்கும் பழைய காரிலிருந்து) கழற்றிய பழைய இன்டர்கூலர் என்றால் இன்னும் கவனம் தேவை. அந்தக் காரின் டர்போ உடைந்திருந்தால், நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழன்ற சக்கரத்தின் துணுக்குகள் கோரின் உள் மடிப்புகளில் சிக்கியிருக்கும்; அதை எவ்வளவு கழுவினாலும் நம்ப முடியாது, மலிவாகக் கிடைத்தாலும் விட்டுவிடுங்கள். டீசல் வாகனமாக இருந்தால், உள்ளே தேங்கிய எண்ணெயே போதும். நான் நேரில் கண்ட ஒரு டீசல் வான் வண்டியில், திறப்பு உரிமையாளரின் கையில் இருக்க, எஞ்சின் அந்த எண்ணெயையே எரிபொருளாகக் குடித்து அலறிக்கொண்டிருந்தது. டீசலை நிறுத்தினாலும் அது நிற்காது. உயர்ந்த கியரில் போட்டு, பிரேக்கை மிதித்துக்கொண்டு கிளட்ச்சை விட்ட பிறகுதான் அடங்கியது.

ரேடியேற்றரை மூடும் பெரிய கோர்

டர்போ ஒரு பார் அழுத்தம் ஏற்றும்போது, 32 பாகையில் உள்ளே போன காற்று 120 பாகையை அண்மித்த சூட்டில் வெளியே வரும். அதைக் குளிர்விக்க வேண்டியதுதான், ஆனால் கோர் பெருக்கப் பெருக்க நல்லது என்பது தவறான கணக்கு. கோரைத் தாண்டிச் சூடான காற்றுத்தான் அடுத்து ஏசி கண்டென்சருக்கும் ரேடியேற்றருக்கும் போகிறது. 1.3 லீற்றர் ஸ்டார்லெட்டின் எஞ்சினுக்கு மேல் இருந்த சிறிய கோரைக் கழற்றிவிட்டு, முன்புறத்தை முழுதாக மறைக்கும் ஒன்றைப் பூட்டியவர்கள், மதியம் ஏசி போட்டபடி கே.கே.எஸ். வீதி நெரிசலில் நின்று பார்க்கட்டும். ஓரங்களில் இடைவெளி விட்டால் காற்று கோருக்குள் புகாமல் சுலபமான வழியால் சுற்றிப் போய்விடும். ரப்பர் தகட்டால் அந்த இடைவெளிகளை அடையுங்கள். பூட்டிய பின் மாலைக் குளிரில் முறிகண்டிப் பிள்ளையார் கோவில் வரை ஓடித் தேங்காய் உடைத்துவிட்டு வருவதைச் சோதனை என்று சொல்லாதீர்கள்.

கிளிப்பை இறுக்கிக்கொண்டே போவது

குழாய் வாயின் ஓரத்தைச் சுற்றி மேடு இல்லாவிட்டால், மூட்டை இறுக்கும் எந்தக் கிளிப்பும் நிற்காது. எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்துவிட்டுப் பூட்டுங்கள்.

கசிவு பார்க்காமல் ஓட்டுவது

டர்போ வாயை அடைத்து, காற்று ஏற்றும் வால்வு வைத்து, காரின் வழக்கமான பூஸ்ட் அழுத்தத்துக்கு (டர்போ ஏற்றும் அழுத்தத்துக்கு) மேற்படாமல் காற்றை ஏற்றி, மூட்டுகளில் சவர்க்கார நீரைப் பூசுங்கள். குமிழி வரும் இடம் தெரியும். கசிவோடு ஓடும் டர்போ, இழந்த அழுத்தத்தை ஈடுசெய்ய இன்னும் வேகமாகச் சுழன்று தன்னையே தேய்த்துக்கொள்ளும்.

சத்தத்துக்காகக் காற்றை வெளியே விடும் வால்வு

எரிபொருளைக் கணக்கிட ஸ்டார்லெட் காற்றழுத்தத்தை அளக்கிறது, அதனால் தப்பிக்கலாம். காற்றின் அளவைச் சென்சரால் எண்ணும் கார்களில், எண்ணிய காற்றை வெளியே விட்டால் எரிபொருள் கூடிப்போய்க் கரும்புகை வரும்.

பம்பருக்குள் இருக்கும் இரும்புச் சட்டம்

அதை வெட்டி எடுத்து இடம் பிடித்த காரை நான் கொட்டகைக்குள் எடுப்பதில்லை.